மலையேறும்போது டீசல் வராமல் நின்றுவிடும் நூலகப் பஸ்: பம்பைக் கழற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

வெள்ளவத்தை நூல்வண்டி:

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து பழைய டொயோட்டா கோஸ்டர் பஸ் ஒன்றை நடமாடும் நூலகமாக மாற்றியிருக்கிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பாவித்த வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனதால், ஓட்டத்தில் இருந்த பஸ் ஒன்றை வாங்க எங்களுக்கு வசதி இருக்கவில்லை. 2022 இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது ஓரங்கட்டப்பட்டு, ஒன்றரை வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற பஸ்ஸையே வாங்கினோம். அதன் எஞ்சின் 1எச்இசெட் என்ற 4.2 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின். வாங்கியபோது நன்றாகவே இயங்கியது.

மாற்ற வேலையின்போது இருக்கைகளை அகற்றிப் புத்தக இறாக்கைகள் பொருத்தினோம். சிறு பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏறுவதற்காகப் பக்கவாட்டில் தாழ்ந்த வாசல் ஒன்று வைத்தோம். அந்த வாசலுக்கு இடம் வேண்டியிருந்ததால் டீசல் தாங்கியைப் பின்பக்கம் கொண்டுபோய், அங்குள்ள இடத்துக்கு ஏற்றபடி ஆழமான புதிய தாங்கியாகச் செய்வித்தோம். கறல் பிடிக்காதிருக்க உள்ளே வெள்ளி நிறப் பூச்சு அடித்துத் தந்தார்கள். தாங்கியிலிருந்து எஞ்சினுக்கு ஏறத்தாழ 5 மீற்றர் நீளமான செப்புக் குழாய் போகிறது. மாலை வேளைகளில் விளக்குக்கும் படம் காட்டும் கருவிக்கும் பயன்படும் சிறிய டீசல் மின்பிறப்பாக்கிக்கு, அதே குழாயிலிருந்து ஒரு கிளை பிரிகிறது.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் ஹைலெவல் வீதி வழியாக அவிசாவளைக்குப் போய், அங்கிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கும் நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களுக்கும் செல்கிறோம். அவிசாவளை வரை ஒரு குறையும் இல்லை. கித்துல்கலையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இழுவை குறைகிறது. அக்ஸிலேற்றரை முழுதாக மிதித்தாலும் வேகம் எழுவதில்லை. பிறகு எஞ்சின் இரண்டு மூன்று முறை விக்கி நின்றுவிடுகிறது. 20 நிமிடம் நிறுத்திவைத்து, வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை அமுக்கினால் மீண்டும் இயங்கும். சிறிது தூரம் போனதும் பழைய நிலைதான். தாங்கி நிரம்பியிருந்தால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறோம், பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் கட்டாயம் நின்றுவிடுகிறது என்று எங்கள் சாரதி உறுதியாகச் சொல்கிறார்.

இதுவரை வடிகட்டியை இரண்டு முறை மாற்றிவிட்டோம். எல்லாக் கிளிப்புகளையும் இறுக்கி, எயார் எடுத்தோம் (குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றினோம்). ஒவ்வொரு முறையும் ஒரு பயணம் சரியாக இருந்தது, அடுத்த பயணத்தில் திரும்பவும் நின்றது. கொழும்பில் நாங்கள் காட்டிய இடமொன்றில் டீசல் பம்பைக் கழற்றி முழுதாகத் திருத்த வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகை, இந்த வருடம் புத்தகம் வாங்குவதற்கென்று நாங்கள் ஒதுக்கிய பணம் முழுவதையும் விழுங்கிவிடும். சென்ற முறை காலை ஒன்பது மணிக்குப் போக வேண்டிய தோட்டத்துக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். வரிசையில் நின்ற பிள்ளைகளில் பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு முறை அவர்களைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. பம்பைக் கழற்றுவதற்கு முன் நாங்களே சோதித்துப் பார்க்கக்கூடியவை என்னென்ன?

தெமட்டகொடை கோஸ்டர்:

வணக்கம் சகோதரி. என்னிடமும் இதே எஞ்சினுள்ள கோஸ்டர் இருந்தது. அதில் பம்ப்தான் பழுது. பம்பின் உள்ளே இருக்கும் அழுத்துதண்டு தேய்ந்துவிட்டால், சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளி வழியாக நழுவிவிடுகிறது. குளிர்ந்த எஞ்சின் உடனே இயங்கும். சூடான பிறகு நிறுத்தினால் மீண்டும் இயங்க மறுக்கும். பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் இயங்கிவிடும். உங்களுக்கும் 20 நிமிடம் ஆறிய பிறகுதான் இயங்குகிறது என்பதால் அதுவாகவே இருக்கலாம் என்று நினைக்கிறேன். பணத்தைப் பார்த்துப் பிற்போடாதீர்கள். நான் பிற்போட்டு, கடைசியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஓர் இரவு முழுவதும் நின்றேன்.

பழைய டிப்போ மனிதர்:

பிள்ளை, நான் பஸ் டிப்போக்களில் 28 வருடம் டீசல் எஞ்சின்களோடு வேலை செய்தவன். தெமட்டகொடைத் தம்பி சொல்லும் பழுது உண்மையானது. நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் தேய்ந்த பம்பு தன் குறையை முதலில் காட்டுவது, சூடான எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது. அப்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் நழுவிப்போகும் டீசலின் பங்கு பெரிதாகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் பாரத்தில் மெல்ல மெல்ல இழுவை இழந்து, விக்கி, பிறகு நிற்பது அதன் வழக்கமன்று. அப்படி நிற்பது டீசல் போதாத எஞ்சின். அதோடு, உங்கள் பஸ்ஸில் பம்ப் மாறவில்லை. தாங்கி மாறியிருக்கிறது, குழாய் மாறியிருக்கிறது, இடையில் ஒரு கிளை சேர்ந்திருக்கிறது. கைவைத்த இடத்தை முதலில் பாருங்கள்.

நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. லேலண்ட் போன்ற பழைய பஸ்களில் வரிசைப் பம்பின் பக்கத்தில் தனியாக ஒரு சிறு ஊட்டுப்பம்ப் இருக்கும். அது தாங்கியிலிருந்து டீசலை இழுத்து வடிகட்டிக்குத் தள்ளும். அங்கே வடிகட்டிப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணால் காணலாம். உங்கள் எஞ்சினில் இருப்பது சுழல் வகைப் பம்ப். தாங்கியிலிருந்து இழுக்கும் வேலையையும் அதன் வயிற்றுக்குள் இருக்கும் இறகுப்பம்பே செய்கிறது. ஆகவே தாங்கியிலிருந்து பம்பின் வாய் வரை முழு வழியும் உறிஞ்சும் பக்கம்தான். அந்த வழியில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுத்தான் உள்ளே போகும். "எங்கும் ஈரம் இல்லை, ஆகவே ஓட்டை இல்லை" என்று எவராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

உறிஞ்சும் பக்கத்தில் இரண்டு நோய்கள்தான் உண்டு. ஒன்று காற்று புகுதல், மற்றது வழி அடைபடுதல். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே, மருந்து வேறு. வழியில் நிற்கும்போதே ஓரளவு பிரித்தறியலாம். எஞ்சின் விக்கத் தொடங்கியதும் ஓரத்தில் நிறுத்தி, உடனே கைப்பம்பை அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். அது விரைவாக மேலே எழும்பினால் தாங்கிப் பக்கத்து வழி திறந்திருக்கிறது. அமுங்கியபடியே கிடந்து மெல்ல மெல்ல எழும்பினால் அது இழுக்க முயன்றும் டீசல் வரவில்லை, அதாவது வழி அடைபட்டிருக்கிறது. அதே கணத்தில் தாங்கியின் மூடியைத் திறக்கவும் ஒருவரை அனுப்புங்கள். மூடி திறக்கும்போது காற்று சீறிக்கொண்டு உள்ளே போனாலோ தாங்கித் தகடு "டொக்" என்று நிமிர்ந்தாலோ, காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. புதிதாகச் செய்த தாங்கிகளில் அந்தத் துவாரத்தை வைக்க மறந்துவிடுவதும், வைத்ததைப் பெயின்டால் மூடிவிடுவதும் நான் கண்டவை.

கொழும்பிலேயே செய்யக்கூடிய சோதனை, தாங்கியை முழுதாக விலக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. 20 லீற்றர் கான் ஒன்றில் சுத்தமான டீசலை எடுத்து, பஸ்ஸுக்கு வெளியே, புகைக்குழாயிலிருந்து விலகிய இடத்தில் அசையாமல் கட்டுங்கள். வடிகட்டிக்கு வரும் குழாயைக் கழற்றிக் கானுக்குள் விடுங்கள். பம்பிலிருந்து திரும்பி வரும் குழாயையும் அதே கானுக்குள் விட வேண்டும். இழுக்கும் டீசலில் பெரும்பகுதி எரியாமல் திரும்பி வருவது. அதைப் பழைய தாங்கிக்குப் போக விட்டால் கான் விரைவில் வற்றிவிடும். கானை எஞ்சினுக்கு மேலே உயரத்தில் தொங்கவிட வேண்டாம். உயரத்திலிருந்து தானாக இறங்கும் டீசல், காற்று புகும் ஓட்டையை மறைத்துவிடும். கானை வைத்து ஓடும்போது எந்தக் குறையும் இல்லையென்றால் பம்ப் குற்றவாளி அன்று. அதைத் திருத்தக் கொடுக்கவிருந்த பணத்துக்கு நீங்கள் புத்தகம் வாங்கலாம்.

இன்னும் நிச்சயமாக அறிய வேண்டுமானால், வடிகட்டிக்கு முன்னால், உறிஞ்சும் பலத்தை அளக்கும் வெற்றிடமானி ஒன்றை இணையுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். மானியைச் சாரதிக்குத் தெரியும்படி முன்கண்ணாடிக்கு வெளியே கட்டுங்கள். டீசல் குழாய் எதையும் பஸ்ஸுக்குள் கொண்டுவர வேண்டாம். நல்ல வழியில் அது 2 அல்லது 3 பாதரச அங்குலம் காட்டும். 7, 8 ஐத் தாண்டி ஏறினால் அடைப்பு இருக்கிறது என்பது என் அனுபவம்.

செப்புக் குழாயின் உள்விட்டம் எவ்வளவு என்று எழுதுங்கள்.

வெள்ளவத்தை நூல்வண்டி:

ஐயா, மிகவும் நன்றி. குழாயின் உள்விட்டம் 6 மில்லிமீற்றர். பழைய குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீற்றர், நீளம் ஏறத்தாழ 2 மீற்றர். மூடியைத் திறந்தபோது சீற்றம் எதுவும் கேட்கவில்லை என்று சாரதி நினைவுபடுத்திச் சொல்கிறார். காற்றுத் துவாரத்தை ஊதிப் பார்த்தோம், திறந்தே இருக்கிறது. கான் சோதனையை வருகிற ஞாயிற்றுக்கிழமை செய்வோம்.

பழைய டிப்போ மனிதர்:

இவ்வளவு மெல்லிய ஓட்டத்தில் குழாயின் தடை, நீளம் கூடினால் அதே விகிதத்தில் கூடும். விட்டம் குறைந்தாலோ அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 8 ஐ 6 ஆக்கியதால் தடை மூன்று மடங்குக்குச் சற்று மேலாகிவிட்டது. 2 மீற்றரை 5 ஆக்கியதால் இன்னும் இரண்டரை மடங்கு. இரண்டும் சேர்ந்தால் பழைய குழாயைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. இது மட்டுமே எஞ்சினை நிறுத்தாது. ஆனால் வடிகட்டி சிறிது அழுக்கானாலும் தாங்கிக்கொள்ள முன்பு இருந்த இடைவெளியை இது தின்றுவிட்டது. இதோடு ஏற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் முன்னால், தாங்கி பின்னால். 12 அடிக்கு 1 அடி உயரும் வீதியில், 5 மீற்றர் பின்னாலிருக்கும் தாங்கி எஞ்சினைவிட மேலும் 40 சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடுகிறது. சமதரையில் தேவைப்படாத அந்த உயரத்துக்கும் பம்ப் இழுக்க வேண்டும். அதிக டீசல் தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான்.

செப்பு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செப்பு, டீசல் கெட்டுப் பிசினாகும் வினையைத் தூண்டும் உலோகம். நாகம் (சிங்க்) பூசிய குழாயும் தாங்கியும் கூடாது. நாகம் டீசலில் கரைந்து சவர்க்காரம் போன்ற பொருளாகி வடிகட்டியை அடைக்கும். சாதாரண இரும்புக் குழாய் போதும்.

முகத்துவாரம் படகு எஞ்சின்:

வணக்கம் தங்கச்சி. நான் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் வேலை செய்பவன். ஐயா சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். ஆனால் உங்கள் சாரதி சொன்ன முக்கியமான சாட்சியத்துக்கு இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை. தாங்கி பாதிக்குக் கீழே இறங்கினால் கட்டாயம் நிற்கிறது என்கிறார். குழாயின் தடை அப்படிப் பாதியைப் பார்த்து வேலை செய்யாது. தாங்கியில் ஒரு சாண் டீசல் கூடினாலும் குறைந்தாலும் உறிஞ்சும் பாரத்தில் வரும் மாற்றம் மிகச் சிறியது. பாதி என்ற எல்லை அவ்வளவு தெளிவாக இருக்குமானால், தாங்கிக்குள் அந்த உயரத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது.

என் ஊகத்தைச் சொல்கிறேன். புதிய தாங்கி ஆழமானது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய தாங்கிக்குள் இறங்கியிருந்த உறிஞ்சுகுழாயையே எடுத்து, கீழே ஒரு துண்டை ஒட்டி நீளமாக்கிப் பொருத்தியிருந்தால், ஒட்டிய இடம் ஏறத்தாழ நடு உயரத்தில் வரும். அந்த ஒட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும். டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை அந்த ஓட்டை வழியாகவும் டீசலே போகும், எவருக்கும் தெரியாது. டீசல் அதற்குக் கீழே இறங்கியதும் காற்றுப் போகத் தொடங்கும். படகுகளில் இதை நான் மூன்று முறை கண்டிருக்கிறேன். மூன்று முறையும் முதலில் பம்பைத்தான் கழற்றியிருந்தார்கள்.

கண்டுபிடிக்கும் வழி இலகுவானது. டீசலைத் தாங்கும் தெளிந்த குழாயில் இரண்டு சிறு துண்டுகள் வாங்கி, ஒன்றைத் தாங்கியிலிருந்து குழாய் வெளியேறும் வாயிலும் மற்றதை வடிகட்டிக்குச் சற்று முன்னும் இணையுங்கள். தாங்கியைப் பாதிக்குக் கீழே வைத்து எஞ்சினை உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். தாங்கி வாயில் தெளிவாகவும் வடிகட்டியருகே குமிழிகளோடும் இருந்தால், காற்று வழியிலே புகுகிறது. மின்பிறப்பாக்கிக்குப் போகும் கிளையை முதலில் சந்தேகியுங்கள். நிறுத்திய மின்பிறப்பாக்கியின் வால்வுகள் இறுக மூடாவிட்டால், உங்கள் எஞ்சின் அதன் வழியாகவும் காற்றை இழுக்கும். தாங்கி வாயிலேயே குமிழி இருந்தால் தாங்கியைத் திறக்க வேண்டும்.

தாங்கியைத் திறந்தால் அடியையும் பாருங்கள். ஒன்றரை வருடம் நின்ற பஸ், கொழும்பின் ஈரக்காற்று, பாதி காலியான தாங்கிக்குள் இரவில் நீர் வியர்க்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து, கறுப்பாகப் பிசுபிசுவென்று பாசி போல் படியும். பழைய தாங்கியில் மிஞ்சியிருந்த டீசலைப் புதியதற்குள் ஊற்றியிருந்தால் அதுவும் கூடவே வந்திருக்கும். உள்ளே அடித்த வெள்ளிப் பூச்சைப் பற்றியும் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. டீசல் படும் இரும்புக்கு உட்பூச்சு தேவையில்லை. டீசலைத் தாங்காத பூச்சு நாளடைவில் உரிந்து செதில் செதிலாக வரும்.

ஓர் எச்சரிக்கை: டீசல் இருந்த தாங்கியில், நன்றாகக் கழுவி ஆவியகற்றாமல் எவரையும் வெல்டிங் செய்ய விடாதீர்கள். டீசலுக்குப் பெற்றோல் போல் தீப்பிடிக்காது என்று எண்ணி உயிர் விட்டவர்கள் உண்டு.

வெள்ளவத்தை நூல்வண்டி:

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை வரை சோதித்தோம். உங்கள் மூவருக்கும் விபரமாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் கானை வடிகட்டிக்கு இணைத்து, அவிசாவளைக்கு அப்பால் கினிகத்தேனை ஏற்றம் வரை ஓடினோம். புத்தகங்கள் முழுவதும் உள்ளேயே இருந்தன. பஸ் ஒரு முறையும் விக்கவில்லை. உச்சியில் நிறுத்தி, சூடான நிலையிலேயே ஐந்து முறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். ஐந்து முறையும் உடனே இயங்கியது. பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது என்று அங்கேயே எங்களுக்கு உறுதியானது.

பிறகு கானை அகற்றி, வெற்றிடமானியையும் தெளிந்த குழாய்த் துண்டுகள் இரண்டையும் இணைத்தோம். தாங்கி பாதிக்குச் சற்றுக் கீழே இருந்தது. கித்துல்கலைக்கு இறங்கி மீண்டும் ஏறினோம். தொடக்கத்தில் மானி 4 காட்டியது. அரை மணி நேரத்தில் படிப்படியாக ஏறி 10 ஐத் தொட்டது. அப்போதே இழுவை குறைந்தது. நிறுத்திக் கைப்பம்பை அமுக்கினோம். ஐயா சொன்னபடியே அது அமுங்கிக் கிடந்து, மிக மெதுவாக எழும்பியது. எஞ்சினை மீண்டும் உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது, தாங்கியின் வாயிலேயே நுண்ணிய குமிழிகள் பால் போல வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தன.

எனக்கு இங்கேதான் குழப்பம். மானி அடைப்பு என்கிறது. குமிழி காற்று என்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா?

பழைய டிப்போ மனிதர்:

இருக்க முடியும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அடைப்பு கூடக்கூடப் பம்ப் அதிகமாக உறிஞ்சும். உறிஞ்சும் பலம் கூடக்கூட, சாதாரண வேளையில் காற்றை விடாத சிறு ஓட்டையும் காற்றை விடத் தொடங்கும். குமிழியை மட்டும் பார்த்துக் கிளிப்புகளை இறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மாதம் போனாலும் முடியாது. அடைப்பை மட்டும் நீக்கினால் சில வாரம் நன்றாக இருந்து, மீண்டும் வரும். இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். நிறுத்தி வைத்தால் 20 நிமிடத்தில் சரியாவதற்கும் இப்போது காரணம் விளங்குகிறது. உறிஞ்சும்போது வாயில் ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒன்று, உறிஞ்சல் நின்றதும் விலகிக் கீழே விழுகிறது. தாங்கியை இறக்குங்கள், பிள்ளை.

தெமட்டகொடை கோஸ்டர்:

சகோதரி, என் ஊகம் தவறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நான் பம்பைத் திருத்தக் கொடுத்தபோது இப்படிக் கான் வைத்துப் பார்க்க எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. தாங்கியை இறக்க ஆள் தேவையென்றால் சனிக்கிழமை என் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

வெள்ளவத்தை நூல்வண்டி:

தெமட்டகொடை அண்ணாவும் அவருடைய தம்பியும் சொன்னபடியே வந்து உதவினார்கள். அவர்கள் இல்லாமல் அந்தத் தாங்கியை நாங்கள் இறக்கியிருக்க முடியாது.

முகத்துவாரம் அண்ணா பார்க்காமலே சொன்னது அப்படியே உள்ளே இருந்தது. உறிஞ்சுகுழாய் இரண்டு துண்டு; நடுவில் ஈயப்பற்று வைத்து ஒட்டியிருந்தார்கள். அதன் கீழ்முனையை விரலால் மூடி, நீர் வாளிக்குள் அமிழ்த்தி மேலிருந்து ஊதியபோது, ஒட்டின் பக்கத்தில் குமிழி வரிசையாக எழும்பியது. கண்ணால் பார்த்தால் அங்கே ஓட்டை இருப்பதே தெரியாது. குழாயின் கீழ்முனையில் இருந்த சல்லடையில் வெள்ளிப் பூச்சின் செதில்கள் மீன் செதில் போல் ஒட்டியிருந்தன. அவற்றின் இடையில் கறுத்த பிசுபிசுப்பு. தாங்கியின் அடியில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு நீரும் இருந்தது. பழைய டீசலை வீணாக்க மனமில்லாமல் புதிய தாங்கிக்குள் ஊற்றியது நாங்கள்தான். அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இனிச் செய்வதற்கு நாங்கள் தீர்மானித்திருப்பவை இவை: உட்பூச்சை முழுவதும் நீக்கிக் கழுவுதல், ஒரே துண்டாலான புதிய உறிஞ்சுகுழாய், 8 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள இரும்புக் குழாய். மின்பிறப்பாக்கிக்கும் இதே தாங்கியில் தனி உறிஞ்சுகுழாய் வைக்கலாமா, அல்லது வேறு தாங்கிதான் வேண்டுமா?

முகத்துவாரம் படகு எஞ்சின்:

தனி உறிஞ்சுகுழாய் போதும், தங்கச்சி. ஆனால் அதை எஞ்சினின் குழாயைவிடக் குட்டையாக வையுங்கள். மாலை முழுவதும் விளக்கு எரிந்தாலும், வீடு திரும்பத் தேவையான டீசல் அடியில் மிஞ்சும். எஞ்சினின் உறிஞ்சுகுழாய் அடியைத் தொட வேண்டாம். இரண்டு விரற்கடை உயரத்தில் நிற்கட்டும், நீரும் அழுக்கும் அதற்குக் கீழே தங்கட்டும். தாங்கியின் மிகத் தாழ்ந்த மூலையில் நீர் இறக்கும் ஆணி ஒன்று வையுங்கள். பஸ் ஏற்றத்தில் செல்லும்போது டீசல் பின்பக்கம் சாயும் என்பதால் உறிஞ்சும் முனை தாங்கியின் முன்விளிம்பில் இருக்கக்கூடாது. திரும்பி வரும் குழாயை உறிஞ்சும் முனையிலிருந்து விலக்கி வையுங்கள். திரும்பும் டீசல் நுரையோடு விழுந்தால் அந்த நுரையையே பம்ப் மீண்டும் இழுக்கும். குழாய் இணைப்புகளில் காற்றுப் புகாமல் தடுக்கும் பழைய வளையங்களைத் திரும்பப் போட வேண்டாம், புதியவை வாங்குங்கள்.

வெள்ளவத்தை நூல்வண்டி:

நேற்றுப் போய் வந்தோம். வேண்டுமென்றே தாங்கியைப் பாதிக்குக் கீழே வைத்துப் புறப்பட்டோம். அவிசாவளையில் மானி 2 காட்டியது. கினிகத்தேனை ஏற்றத்தில் 3 ஐத் தாண்டவில்லை. தெளிந்த குழாயில் ஒரு குமிழியும் இல்லை. வட்டவளையில் மழை பிடித்துக்கொண்டது. சாரதி வேகத்தைக் குறைத்தும், நோர்வூட் தோட்டத்துக்கு 8.40 மணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை. நாங்கள்தான் அவர்களுக்காகக் காத்திருந்தோம். அது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்ததும் வடிகட்டியை வெட்டிப் பார்த்தோம். உள்ளே சில வெள்ளிப் புள்ளிகள் இருக்கின்றன. பழைய குழாய்களில் தங்கியவையாக இருக்கும் என்று நினைக்கிறோம். மானியைக் கழற்றிவிடலாமா?

பழைய டிப்போ மனிதர்:

கழற்ற வேண்டாம். புதிய வடிகட்டி போட்டு, 1,000 கிலோமீற்றரில் அதையும் வெட்டிப் பாருங்கள். புள்ளி இல்லாவிட்டால் பிறகு வழக்கமான தவணைக்கு மாற்றினால் போதும். ஒவ்வொரு பயணத்திலும் கினிகத்தேனை ஏற்றத்தின் உச்சியில் மானி காட்டும் எண்ணை, கிலோமீற்றர் கணக்கோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதும்படி சாரதியிடம் சொல்லுங்கள். அந்த எண் 5 ஆகும் வாரத்தில் கொழும்பிலேயே வடிகட்டியை மாற்றிவிடலாம்.